கௌதாரிக்குப் பதில் சொல்லும் வாய்

திருச்சி–தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூரைக் கடந்து துவாக்குடிப் பக்கம் போனால் தேவராயநேரி வரும். எறும்பீசுவரர் மலைக்கோயிலுக்கும் பெல் தொழிற்சாலைக்கும் வந்துபோகிற வெளியூர்க்காரர்கள் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நரிக்குறவர் குடியிருப்பு அது. பேருந்து நிலையத்தில் ஊசியும் பாசிமணியும் விற்கிறவர்கள் என்ற அளவில்தான் நமக்கு அவர்களைத் தெரியும். அவர்களுடைய மூலத்தொழில் வேட்டை. அதற்குத் துப்பாக்கி, வலை, கண்ணி எல்லாம் உண்டு. அவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேலை செய்தது வாய்தான்.

கௌதாரியைப் போலக் கூவி கௌதாரியைப் பக்கத்தில் வரவழைப்பார்கள். நரியைப் போல ஊளையிட்டு நரியை வலைக்குள் இழுப்பார்கள். 1909-இல் வெளியான ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன், நரிக்குறவரோடு சேர்த்தே பேசப்படும் குருவிக்காரர்கள் நரி ஊளையை அச்சு அசலாக எழுப்பி நரி பிடிக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அது ஒரு வேடிக்கை. இன்று அதைப் படித்தால், உயிரியலும் இயற்பியலும் கலந்த ஒரு பாடம் ஒரு பத்திக்குள் ஒளிந்திருப்பது தெரிகிறது.

அமெரிக்காவில் இதே வேலையை ஒரு சின்னக் கருவியை வைத்துச் செய்கிறார்கள். காட்டு வான்கோழி வேட்டைக்காரர்கள் வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் ஊதுகருவி அது; ‘டயாபிரம் கால்’ என்பார்கள். குதிரை லாட வடிவில் மெல்லிய அலுமினியச் சட்டம், அதன் குறுக்கே இழுத்துக் கட்டிய லேடெக்ஸ் ரப்பர்ச் சவ்வு, ஓரங்களில் அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ள வசதியாக ஒரு நாடா. நான்கைந்து சென்டிமீட்டர் அகலத்துக்குமேல் இராது. சவ்வு ஒன்றாகவும் இருக்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்றும் இருக்கலாம். மேல் சவ்வின் ஓரத்தைக் கத்திரித்து விட்டிருப்பார்கள். பிசிறும் கரகரப்பும் அந்த வெட்டிலிருந்து வருகின்றன.

இதன் தத்துவம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. பூவரசு இலையில் பீப்பீ செய்து ஊதியவர்கள் யோசித்துப் பாருங்கள். கொழுந்தும் ஆகாது, முற்றிப் பழுத்ததும் ஆகாது. நடுத்தரமான இலையாகப் பார்த்துப் பறித்து, காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி உதட்டுக்கு நடுவில் வைத்து ஊதினால், தட்டையான இடுக்கு வழியாகக் காற்று பாயும்போது இலையின் இரு பக்கமும் நெருங்கி ஒட்டும், உள்ளே அழுத்தம் ஏறியதும் விலகும், மறுபடி ஒட்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படித் திறந்து மூடுவதைத்தான் நாம் ‘பீ...’ என்று கேட்கிறோம். உதட்டை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். நாகசுரத்தின் சீவாளியும் இந்தக் குடும்பம்தான். ராஜஸ்தான் பொம்மலாட்டக்காரர்கள் மூங்கில் சில்லுகளுக்கு நடுவே நாடா வைத்து வாய்க்குள் போட்டுக்கொண்டு, பொம்மைக்குக் கீச்சுக்குரல் கொடுக்கிறார்களே, அது இன்னும் நெருங்கிய உறவு.

வான்கோழிக் கருவியில் பீப்பீ முழுவதும் வாய்க்குள்ளேயே நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உதட்டின் வேலையை நாக்கு செய்கிறது. சவ்வின்மேல் நாக்கு எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு விறைப்பு. விறைப்பு கூடினால் அதிர்வெண் கூடும். கணக்குப்படி விறைப்பு நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும். அதாவது ஆதார ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஏற முடியும். எச்சிலில் நனைந்த ரப்பர் இந்தக் கணக்குக்கு முழுக்க அடங்காது என்றாலும், புதிதாகக் கற்பவர் ஏன் திணறுகிறார் என்பது இதிலிருந்து புரியும். கொஞ்சம் சுருதி ஏற்றுவதற்கே நாக்கு நிறைய மாற வேண்டியிருக்கிறது.

பழகும் விதத்தையும் சொல்லிவிடலாம். சட்டத்தை லேசாக வளைத்து அண்ணத்தின் வளைவுக்குப் பொருத்த வேண்டும். சவ்வின் திறந்த விளிம்பு முன்பற்களைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் காற்று கசியக் கூடாது. முதலில் பலருக்குக் குமட்டும். அடிநாக்குப் பக்கம் எது பட்டாலும் வெளியே தள்ளுவது உடம்பின் தற்காப்பு. அது பழகியபின் அடுத்த தொல்லை: சவ்வு அதிர்வதில் நாக்கு கூசும். இரண்டையும் தாண்டினால் முதலில் வருவது வெறும் ‘உஸ்’. கன்னத்தைப் புடைத்து ஊதுகிறவர்களுக்கு அதற்குமேல் எதுவும் வராது. காற்று வயிற்றிலிருந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல எழும்ப வேண்டும். நாக்கின் அழுத்தம் சரியான இடத்தில் விழுந்ததும் ஒரு மெல்லிய உச்சக்குரல் பிடிபடும். அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாடையைச் சட்டென்று கீழே இறக்கினால், சவ்வு தளர்ந்து, குரல் கரகரப்பாக விழும். உச்சமும் இறக்கமுமான இந்த இரட்டைச் சத்தம்தான் பெட்டை வான்கோழி அழைக்கும் குரல். அங்கே அதை ‘யெல்ப்’ என்கிறார்கள்.

மரப்பெட்டியை உரசியும் கற்பலகையைக் குச்சியால் தேய்த்தும் இதே குரலை எழுப்பும் கருவிகள் உண்டு, கற்பதும் சுலபம். ஆனாலும் வாய்க்கருவிக்கு மவுசு குறையவில்லை. வான்கோழியின் கண் மகா கூர்மை. கை அசைந்தால் போதும், கிளம்பிவிடும். வாய்க்கருவி இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கலாம். நரிக்குறவர்களுக்கோ கருவியே தேவைப்படவில்லை.

சரி, இத்தனை பாடுபட்டு எழுப்பும் குரலைப் பறவை எப்படி நம்புகிறது? பறவைக்கு உதடு இல்லை, பல் இல்லை. நம் குரல்வளை கழுத்தில் இருக்கிறது. பறவையின் குரலுறுப்பான சிரிங்ஸ், மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், நெஞ்சுக்குள் இருக்கிறது. உறுப்பும் வேறு, இடமும் வேறு. மனிதன் எழுப்பும் நகல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நகல்தான். நூறு சதவீதம் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை என்பதில்தான் சூட்சுமம்.

வான்கோழி, கௌதாரி, காடை, மயில், நம் வீட்டுக் கோழி எல்லாம் பேசியானிடே என்ற ஒரே குடும்பம். கிளியும் மைனாவும் குரலைக் கேட்டுக் கற்கின்றன. கோழிக் குடும்பம் அப்படியில்லை. அவற்றின் குரல் பிறவியிலேயே வந்துவிடுகிறது. 1963-இல் மசகாசு கொனிஷி, காது கேளாமல் செய்யப்பட்ட கோழிகளும் வழக்கம்போலவே கத்துவதைக் காட்டினார். 1988-இல் இவான் பலபன் குழுவினர் இன்னும் ஒரு படி போய், கரு நிலையிலேயே காடையின் மூளைத் திசுவைக் கோழிக்கருவுக்கு மாற்றிப் பொருத்தினார்கள். பொரித்து வந்த கோழிக்குஞ்சுகளில் சில காடையைப் போலக் கூவின. கேட்டு அறிந்த காடை எதுவும் அவற்றுக்கு இல்லை. மூளைத் திசுவே பாட்டைக் கொண்டுவந்திருந்தது.

குரல் பிறவியிலேயே அமைந்தால், அதற்குக் காட்டும் பதிலும் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. வான்கோழியில் இது எவ்வளவு தீவிரம் என்பதற்கு 1960-இல் ஜெர்மனியில் ஷ்லைட் தம்பதியர் செய்த ஆய்வு கொடூரமான சாட்சி. காது கேளாத தாய் வான்கோழிகள் முட்டையை ஒழுங்காக அடைகாத்தன. குஞ்சு பொரித்ததும் தங்கள் குஞ்சுகளையே கொத்திக் கொன்றன. கண்ணெதிரே இருப்பது குஞ்சு என்பதற்கு அந்தத் தாய்க்கு இருந்த அடையாளம் கீச்சுக்குரல் ஒன்றுதான். அது காதில் விழாதபோது, கூட்டுக்குள் ஏதோ எதிரி நுழைந்துவிட்டது என்றாகிவிட்டது.

இப்படிப்பட்ட பறவை எல்லா விவரத்தையும் ஒத்துப் பார்ப்பதில்லை. சில குறிகளைத்தான் பார்க்கிறது. அவற்றில் முக்கியமானது தாளம். கில்பர்ட் காட்லீப் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டு வாத்துக் குஞ்சுகளிடம் இதைச் சோதித்தார். தாயின் அழைப்பு நொடிக்கு ஏறத்தாழ நான்கு ஒலி என்ற வேகத்தில் வந்தால் குஞ்சு ஓடி வரும். அந்த வேகம் பிசகினால் ஈர்ப்பும் குறையும். வான்கோழி வேட்டையில் பழுத்தவர்களும் இதையேதான் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள்: குரல் கொஞ்சம் பிசிறினால் மன்னிப்பு உண்டு, இடைவெளி பிசகினால் கிடையாது. எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்பது அதற்கும் மேலான பாடம்.

கௌதாரியிலும் இதைக் கேட்கலாம். துவாக்குடிப் பக்கம் எஞ்சியிருக்கும் முள்காட்டிலோ தரிசிலோ விடியற்காலையில் நின்றால், ‘க-டீ-டர், க-டீ-டர்’ என்று ஒன்று தொடங்கும். தூரத்தில் இன்னொன்று எதிர்க்குரல் கொடுக்கும். சில சமயம் பெட்டையும் இடையில் புகுந்துவிடும். பாண்டிச்சேரியின் பெயரால் 1789-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட பறவை இது. ‘இது என் இடம்’ என்ற அறிவிப்பு அந்தக் கூவல். புதிய குரல் ஒன்று எல்லைக்குள் கேட்டால் காலில் முள்ளுள்ள சேவல் சண்டைக்கு வந்துவிடும். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டு, சுற்றிலும் கண்ணி வைப்பது அதனால்தான் பலித்தது. கௌதாரியைக் கோபமும் வான்கோழியைக் காதலும் இழுக்கின்றன.

வான்கோழி விஷயத்தில் ஒரு தலைகீழும் உண்டு. இயற்கையில் சேவல் களகளவென்று கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் பெட்டையாகக் குரல் கொடுத்துவிட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார். சேவல் வழக்கத்தை மீறி வர வேண்டும். பல சேவல்கள் பாதி வழியில் நின்று, ‘நீ வா’ என்று கத்திக்கொண்டே இருக்கும். குரல் தத்ரூபமாக இருந்தும் வேட்டை தோற்பது இங்கேதான்.

பறவைகளும் இந்த ஏமாற்றில் நமக்குச் சளைத்தவை அல்ல. திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் விராலிமலையில் மயில் பார்த்திருப்பீர்கள். ஆண் மயில் பெட்டையோடு சேரும் தருணத்தில் தனியாக ஒரு குரல் எழுப்பும். பக்கத்தில் பெட்டையே இல்லாதபோதும் சில மயில்கள் அந்தக் குரலைப் பொய்யாக எழுப்புவதையும், அதைக் கேட்டுப் பெட்டைகள் வந்து பார்ப்பதையும் கனடா ஆய்வாளர்கள் ரோஸ்லின் டேக்கினும் ராபர்ட் மான்ட்கோமரியும் 2014-இல் பதிவு செய்தார்கள்.

இனி சட்டம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுடுவது மட்டும் வேட்டை இல்லை; பிடிப்பது, கண்ணி வைப்பது, இரை காட்டி இழுப்பது எல்லாமே வேட்டைதான். கௌதாரிக்கும் நரிக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. சட்டம் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேட்டையை நிறுத்தச் சொன்ன அரசு, வேட்டைக்காரரின் அறிவை என்ன செய்வதென்று யோசிக்கவே இல்லை என்பது என் குறை. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரை அவர்களுக்குப் பழங்குடி என்ற பெயர்கூட இல்லை.

அந்த அறிவைப் பயன்படுத்திய முன்னுதாரணங்கள் நாட்டிலேயே இருக்கின்றன. பீகாரின் மீர்ஷிகார்கள் பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அவர்களைப் பறவைகளுக்கு வளையம் மாட்டும் பணிக்கு அழைத்துக்கொண்டது. நம் கோடிக்கரையில் வலசைப் பறவைகளை இறகு கசங்காமல் பிடித்துக் கொடுத்தது அவர்கள் கை. அழிந்துவிட்டது என்று முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் நினைத்திருந்த ஜெர்டான்ஸ் கோர்சர் என்ற பறவை 1986-இல் கடப்பைப் பக்கம் மறுபடி கிடைத்ததும், அதை அறிந்திருந்த உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவரின் உதவியால்தான். இரவில் நடமாடும் அந்தப் பறவையைத் தேடி 2000-களில் ப. ஜெகநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதன் குரல்பதிவையே புதர்க்காட்டில் ஒலிக்கவிட்டுப் பதில் வருகிறதா என்று காத்திருந்தார்கள். நரிக்குறவர் வாயால் செய்ததை அவர்கள் ஒலிபெருக்கியால் செய்தார்கள். நோக்கம் மட்டும் வேறு.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இன்று எல்லார் கைபேசியிலும் பறவைக் குரல் செயலி இருக்கிறது. படம் எடுப்பதற்காக இனப்பெருக்கக் காலத்தில் அதை ஓடவிட்டுப் பறவையை மறுபடி மறுபடி இழுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். இல்லாத எதிரியைத் தேடி அலையும் பறவை அந்த நேரத்துக்கு இரையையும் கூட்டையும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஆய்வுக்கு அளவோடு செய்வது வேறு, பொழுதுபோக்குக்குச் செய்வது வேறு.

தேவராயநேரியில் கௌதாரிக்கும் காடைக்கும் நரிக்கும் குரல் கொடுத்துப் பழகிய முதியவர்கள் இருக்கும்வரைதான் அந்த அறிவைப் பதிவு செய்ய வாய்ப்பு. அவர்களுடைய வாக்ரிபோலி மொழிக்கு எழுத்து இல்லை. குரல்களை எழுத எந்த மொழியிலும் எழுத்து இல்லை. துவாக்குடியிலேயே என்.ஐ.டி. இருக்கிறது, திருச்சியில் விலங்கியல் துறை உள்ள கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஒலிப்பதிவுக் கருவி, முறையான அனுமதி, சொல்லித்தருபவருக்கு ஆசிரியருக்குரிய மரியாதையும் ஊதியமும் இருந்தால் போதும், இந்த ஆண்டே தொடங்கலாம். கௌதாரிக் கணக்கெடுப்புக்குப் போகும் மாணவர்கள் அவர்களில் ஒருவரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போகட்டும். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாலையோரத்தில் கூண்டில் வைத்துக் கௌதாரி விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.