பன்னிரண்டு கழிகளும் ஒரு தெருநாயும்

தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையில், விவாதங்களின் இரைச்சலில் எளிதில் கடந்துசெல்லப்பட்ட பகுதி ஒன்று உண்டு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களின் பொறுப்பு. படிப்பதற்கு எளிய ஏற்பாடுதான். விண்ணப்பத்துக்கும் பொறுப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் செவலை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகே நான் அறிந்தேன்.

சென்னையில் ஒரு காப்பகத்திலிருந்து அதை அழைத்துவந்தபோது இரண்டு வயது இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். கருத்தடை செய்யப்பட்டதன் அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு. பின்தொடையில் மயிர் முளைக்காத ஒரு தழும்பு. முதல் வாரம் முழுவதும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. யாராவது ஒட்டடைக்கோலைக் கையில் எடுத்தால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். துடைப்பம், மடக்கிய குடை, பக்கத்து வீட்டுப் பெரியவரின் கைத்தடி என்று நீளமாக எது கண்ணில் பட்டாலும் அதற்கு ஒரே பொருள்தான்.

நன்றிக்கு நாயை உவமை சொல்லும் மரபு நம்முடையது. தத்தெடுப்பவர்கள் பலர் மனம் சோர்வது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். தெருவிலிருந்து மீட்டு, உணவும் உறைவிடமும் கொடுத்தோம். பதிலுக்கு அது வாலாட்ட வேண்டாமா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். நான் அதற்குச் செய்ததை உதவியென்று அது எப்படி அறியும் என்ற கேள்வி எனக்குத் தாமதமாகவே எழுந்தது.

அஜிலிட்டி எனும் விளையாட்டை அறிமுகப்படுத்தியவர் எங்கள் பயிற்சியாளர். 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர்கள் சலிப்படையாமல் இருக்க, குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் போல நாய்களுக்கும் ஒன்றை நடத்திக் காட்டினார்கள். இடைவேளை வேடிக்கையாகத் தொடங்கியதை 1980-இல் பிரிட்டனின் கென்னல் கிளப் முறையான விளையாட்டாக ஏற்றது. தாண்டுகம்புகள், துணிச்சுரங்கம், கூரை போன்ற சரிவுப் பலகை, ஏறியதும் மறுபுறம் சாயும் சீசா ஆகியவற்றை நாய் குறித்த வரிசையில் கடக்க வேண்டும். மனிதர் உடன் ஓட வேண்டும்.

இதன் விதிகள்தாம் என்னை ஈர்த்தன. வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். உடன் ஓடுபவர் மட்டும் நாயில்லாமல் களத்தை நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளலாம். நாய்க்கு எல்லாமே புதிது. ஓட்டம் தொடங்கியபின் நாயைத் தொடக் கூடாது. கயிறு கிடையாது. கையில் தின்பண்டமோ பொம்மையோ வைத்திருக்கக் கூடாது. கம்பு விழுந்தால் ஐந்து பிழைப்புள்ளி, தடையின் முன் மறுத்து நின்றால் ஐந்து, வரிசை தவறினால் ஆட்டத்திலிருந்து நீக்கம். அதட்டி ஓட்டவோ ஆசைகாட்டி இழுக்கவோ வழியில்லாத களம் அது. நம் தோள் திரும்பும் திசையையும் பாதம் நோக்கும் பக்கத்தையும் பார்த்து, நாய் தானாகவே முடிவெடுக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது கழிவரிசை. 60 செ.மீ. இடைவெளியில் நேர்கோட்டில் நட்ட 12 கழிகள். முதல் கழி தன் இடத் தோளை ஒட்டி அமையுமாறு நுழைந்து, ஒன்றுகூட விடாமல் நாய் வளைந்து வளைந்து ஓட வேண்டும். கழியைக் கண்டாலே நடுங்கும் நாய்க்கு இதைக் கற்பிப்பதா? வேண்டாம் என்றேன். பயிற்சியாளர் மறுத்துப் பேசவில்லை. இரண்டு பிளாஸ்டிக் குழாய்களைக் கொடுத்து, வீட்டுக்கூடத்தின் தரையில் கிடத்திவைக்கச் சொன்னார். அவ்வளவே.

குழாய்கள் கிடந்த அறைக்குள் செவலை வரவே பத்து நாளாயிற்று. அருகில் சோற்றுத் தட்டை வைத்தோம். பிறகு குழாயின் மீதே கோழித்துண்டுகளை வைத்தோம். ஒருநாள் மூக்கால் அதை உருட்டிவிட்டு, உருளும் ஓசைக்குத் தானே துள்ளி விலகி, மறுபடியும் வந்து உருட்டியது. அந்தப் பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குழாய்களை நட்டுவைத்தபோது பழைய அச்சம் திரும்பியது. மீண்டும் தரையில் கிடத்தினோம். இரண்டு கழி நான்காகவும், நான்கு ஆறாகவும் ஆகி, பன்னிரண்டை எட்ட ஓராண்டுக்கு மேல் பிடித்தது. வேறு நாய்கள் சில மாதங்களில் கற்றுவிட்டன. அவற்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பொறாமையின் விலையை முதல் போட்டியில் கொடுத்தேன். நகருக்கு வெளியே ஒரு திடலில் நடந்த சிறிய போட்டி அது. செவலை கழிவரிசையைப் பிழையின்றிக் கடந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த தாண்டுகம்பைக் காட்ட, மகிழ்ச்சி மிகுதியில் கையைத் தலைக்கு மேல் வீசி உயர்த்தினேன். ஓங்கிய கை. செவலை அங்கேயே தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. நடுவர் மறுப்பு என்று குறித்துக்கொண்டார். நான் ஓட்டத்தை நிறுத்தி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அதன்பின் கைகளை இடுப்புக்கு மேல் உயர்த்தாமல் ஓடக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. இருவரில் மெதுவாகக் கற்றது நான்தான்.

'நாட்டு நாய்க்கு இதெல்லாம் வருமா' என்று களத்தில் கேட்பவர்கள் இன்னும் உண்டு. அமெரிக்கன் கென்னல் கிளப்பும் கலப்பின நாய்களுக்கு அஜிலிட்டிப் போட்டிகளைத் திறந்தது 2010-இல்தான். வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் 2014 முதல் நடக்கும் அஜிலிட்டி சாம்பியன் போட்டியை 2024-இல் முதன்முறையாக ஒரு கலப்பின நாய் வென்றது: நிம்பிள் என்னும் பெயருடைய, பார்டர் கோலிக்கும் பாப்பிலானுக்கும் பிறந்த பெண் நாய். இத்தகைய கலப்புகள் இவ்விளையாட்டுக்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்படுவதும் உண்டு என்பதால், இதைத் தெருநாயின் வெற்றியாகக் கொண்டாடுவது மிகை. நம் தெருநாய்களுக்கு உடற்கட்டில் குறையில்லை. போக்குவரத்து நெரிசலில் உயிர்பிழைத்த கால்கள் அவை. குறைவது, அவற்றோடு பொறுமையாக நேரம் செலவிடும் மனிதர்கள்.

ஆகவே, தத்தெடுப்பை ஊக்குவிக்க முனையும் உள்ளாட்சிகள் விண்ணப்பப் படிவத்தோடு நின்றுவிடக் கூடாது. முதல் ஆறு மாதங்களுக்கேனும் பயிற்சியாளர் ஒருவரின் துணை கிடைக்கச் செய்யலாம். பகுதிக்கொரு மைதானத்தில் வாரம் ஒருமுறை இடம் ஒதுக்கலாம். நான்கு குழாய்களும் இரண்டு பலகைகளும் பெருஞ்செலவல்ல. வளர்க்க இயலாமல் நாயைத் திருப்பி விடுபவர்களில் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். பலருக்கு என்ன செய்வதென்று சொல்லித்தர ஆளில்லை.

செவலை இப்போது ஐந்து போட்டிகளில் ஓடிவிட்டது. ஒன்றில்கூடப் பரிசில்லை, கடைசி இரண்டில் ஆட்டத்திலிருந்து நீக்கப்படாமல் முடித்தோம். பன்னிரண்டு கழிகளுக்கிடையே காது பறக்க வளைந்தோடும் அந்த நாய், வீட்டில் ஒட்டடைக்கோலைக் கண்டால் இன்றும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. அதை மாலை நடைக்கு நான் அழைத்துச் செல்லும் நேரத்தில்தான் என் மனைவி ஒட்டடை அடிக்கிறார்.