பிசிக்ஸுக்கு லேகியம் உண்டா டாக்டர்?

மார்ச் மாதம் பிறந்தால் போதும், என் வைத்தியசாலைக்கு ஒரு தினுசான நோயாளிகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். நோயாளி வாயே திறக்கமாட்டார். கூட வந்த அம்மாதான் பேசுவார். "ஞாபக சக்திக்கு வல்லாரை லேகியம் ஏதாச்சும் குடுங்க சார், பிள்ளைக்கு நீட் வருது" என்பார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படித்தான் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். ஊர் பேரெல்லாம் வேண்டாம், திருநெல்வேலிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் 2-வில் நல்ல மார்க் வாங்கிய பெண். நீட் முதல் தடவை கை கொடுக்கவில்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்து, கோச்சிங் போய், இரண்டாம் தடவைக்குப் படிக்கிறாள். கோச்சிங் பணத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது.

"பயாலஜி தண்ணி பட்ட பாடு சார். கெமிஸ்ட்ரியும் பரவாயில்ல. இந்த பிசிக்ஸ்தான் உயிரை வாங்குது. ராத்திரி 2 மணி வரைக்கும் படிக்கா. காலையில கேட்டா எல்லாம் மறந்துட்டுங்கா!"

நாடி பிடித்தேன். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நகமும் அப்படியே. தினமும் தலைவலி, நெஞ்செரிச்சல், மாதவிலக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப் போயிருக்கிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. காலையில் இட்லி இறங்கவில்லையாம். ராத்திரி தூக்கம் வராமல் இருக்க மூன்று, நான்கு டீ.

ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, அம்மாவை வெளியே மருந்து வாங்கும் இடத்துக்கு அனுப்பினேன். வயசுப் பிள்ளைகளிடம் ஐந்து நிமிஷமாவது தனியாகப் பேசாமல் நான் மருந்து எழுதுவதில்லை. அம்மா அந்தப் பக்கம் போனதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்:

"அந்தப் புஸ்தகத்தைத் திறந்தாலே செத்துரலாம் போல இருக்கு சார்."

நாமெல்லாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைதான். வெயில் அடித்தால்கூடச் சொல்கிறோம். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வாயிலிருந்து வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2017-ல் இருந்து இந்தத் தேர்வை ஒட்டி நம் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்துபோயிற்று என்பது உங்களுக்கே தெரியும்.

நேராகவே கேட்டேன். "நிஜமாவே அப்படித் தோணுதாம்மா? எப்படின்னு யோசிச்சுப் பார்த்திருக்கியா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பி விட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். தப்பு. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும். அவள் அழுதாள். இரண்டு மூன்று ராத்திரி தோன்றியதாம், எப்படி என்று யோசித்ததில்லையாம்.

"இதை உங்க அம்மாகிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். நீயும் கூட இரு" என்றேன். தலையாட்டினாள். அன்றைக்கு மத்தியானமே அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். வீட்டில் இருக்கிற மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொன்னேன். கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியறையில் படுக்கவிட வேண்டாம் என்றும் சொன்னேன். இதில் என் லேகியத்துக்கு வேலையே கிடையாது. இந்தப் பக்கத்தைப் படிக்கிற வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் 14416 அல்லது 104 என்ற எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது.

சரி, பிசிக்ஸுக்கு வருவோம்.

கை ஓடலை டாக்டர்!

அடுத்த வாரம் தாயும் மகளும் மறுபடி வந்தார்கள். ஹீமோகுளோபின் 9.4. பெண்பிள்ளைக்கு 12-க்குக் குறையக்கூடாது. ரத்தம் குறைந்தால் களைப்பு வரும், கவனம் நிற்காது. அதைப் போய் ஞாபக மறதி என்று நினைத்திருக்கிறார்கள்!

அன்றைக்கு அவளைக் கோச்சிங்கில் எழுதிய மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நமக்கு அந்தக் கணக்கெல்லாம் எங்கே தெரிகிறது? ஆனால் என்னிடம் மூட்டுவலிக்கு வரும் ஒரு ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் இருக்கிறார். 30 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்தவர். 'சார்வாள்' என்றுதான் கூப்பிடுவோம். முழங்காலில் தைலத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் தாளை நீட்டினேன்.

நீட்டில் மொத்தம் 180 கேள்வி, 720 மார்க். அதில் இயற்பியல் 45 கேள்வி, 180 மார்க். சரியான விடைக்கு 4 மார்க் உண்டு. தப்பான விடைக்கு 1 மார்க் கழிப்பார்கள். இந்தப் பெண் ஒன்றைக்கூட விடாமல் 45-க்கும் விடை குறித்திருக்கிறாள். 14 சரி, 31 தப்பு. 56-ல் 31 போனால் மிச்சம் 25!

சார்வாள் 31 தப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வைத்தியன் நோயாளியைப் பார்க்கிற மாதிரி, அவ்வளவு பொறுமை. அரை மணி நேரம் கழித்துச் சொன்னார்: "நெசமாவே பாடம் தெரியாம விட்டது ஒம்பதுதான் டாக்டர். பத்துல சூத்திரம் சரி, ஆனா சென்டிமீட்டரை மீட்டரா மாத்தல, இல்லேன்னா பெருக்கல்ல தப்பு. மிச்சம் பன்னெண்டு, நேரம் இல்லாம கடைசியில குருட்டாம்போக்குல குறிச்சது. பொண்ணுக்கு பிசிக்ஸ் வராம இல்ல. கை ஓடலை!"

"எப்படிம்மா படிக்கிறே?" என்று கேட்டார். பயாலஜி படிப்பது போலத்தானாம். வரிக்கு வரி வாசித்து, கலர் பேனாவால் கோடு போட்டு, சூத்திரங்களை மனப்பாடம் செய்து. கணக்கு வந்தால் பின்னால் இருக்கும் விடையைப் பார்ப்பாள். பார்த்ததும் புரிந்துவிடும். புரிந்துவிட்டதே என்று அடுத்ததுக்குப் போய்விடுவாள்.

"ஒருத்தர் தோசை ஊத்துறதைப் பார்த்தா நமக்கு வந்துருமா?" என்றார் சார்வாள்.

பிறகு என் மேஜையிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்தார். மேலே எறிந்து பிடித்தார். "உச்சிக்குப் போனதும் ஒரு கணம் நிக்குதுல்லா, அப்ப அதோட வேகம் என்ன?"

"பூஜ்யம்."

"முடுக்கம்?"

"அதுவும் பூஜ்யம்."

சார்வாள் சிரித்தார். "முடுக்கமும் பூஜ்யம்னா கடுக்காய் அங்கேயே தொங்கிக்கிட்டுல்லா நிக்கணும்! ஏன் கீழ விழுது?"

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். கடுக்காயை வாங்கித் தானே நாலு தடவை எறிந்து பார்த்தாள். மேலே போகும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் பூமி அதே அளவில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது, முடுக்கம் எப்போதும் கீழ்நோக்கிச் சுமார் 10 என்று அவளே சொன்னாள். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்தால் எவ்வளவு நேரத்தில் கைக்குத் திரும்பும் என்று கேட்டார். 4 வினாடி, உயரம் 20 மீட்டர் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினாள். நான் பார்த்த வரையில் அவள் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். ரத்த அழுத்தக் கருவியை எடுத்து, அவள் கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து ஒரு தடவை, கீழே தொங்கவிட்டு ஒரு தடவை பார்த்தேன். தொங்கவிட்டபோது கூடுதலாகக் காட்டியது. திரவத்தின் ஆழம் கூடினால் அழுத்தம் கூடும் என்ற அதே பாடம்தான். கை 10 சென்டிமீட்டர் இறங்கினால் பாதரச அளவில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடும். இதைத் தெரியாமல் எத்தனை பேருக்கு வீணாக பி.பி. மாத்திரை போயிருக்கும்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வில் என்னைக் கவிழ்த்ததும் இதே பிசிக்ஸ்தான். எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு நேரே பிளஸ் 2-வுக்குப் போய்விட்டார்கள். இயக்கவியல், விசை, ஆற்றல், வெப்பவியல், அலை எல்லாமே பதினொன்றில்தான் இருக்கிறது. அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டினோம். அப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்தப் பழைய நுழைவுத் தேர்வை 2007-ல் எடுத்தார்கள். பத்து வருஷத்தில் நீட் வந்தது. இன்றைக்கு என் படிப்பான பி.எஸ்.எம்.எஸ்.ஸில் சேரவும் நீட் எழுதியாக வேண்டும். நான் இப்போது பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பேனோ!

சார்வாள் சொன்ன பத்தியம்

ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்றேன். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாய்மார்களே, பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். இந்த வயதுக்கு 8 மணி நேரம் வேண்டும். 2 மணி வரை விழித்துப் படிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. டீ, காபியின் வேலை பல மணி நேரம் உடம்பில் நிற்கும். சாயங்காலம் 4 மணிக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்தும் உடம்பில் சேராது. முருங்கைக்கீரையோடு ஒரு நெல்லிக்காய் சேர்த்துக் கொடுங்கள். ரத்தத்துக்கு நான் கொடுத்த மருந்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன், நீங்களே கடையில் வாங்கிச் சாப்பிட்டுவிடுவீர்கள்! வாரம் ஒரு எண்ணெய்க் குளியல் உண்டு, அன்றைக்குப் பகல் தூக்கம் மட்டும் கூடாது. வல்லாரை நல்ல கீரை, துவையலாக அரையுங்கள். ஆனால் ஓம் விதியை அது சொல்லித் தராது.

படிப்புக்குச் சார்வாள் சொன்னது இதுதான். காலையில் குளித்துச் சாப்பிட்டதும் முதல் வேலை பிசிக்ஸ். மூளை புதுசாக இருக்கும்போது கணக்கு, களைத்த பிறகு பயாலஜி. ஒவ்வொரு கணக்குக்கும் முதலில் படம் போட வேண்டும், அலகை எழுத வேண்டும். 15 நிமிஷம் போராடாமல் விடையைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி முழுசாகப் போட வேண்டும், மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. தப்புக்கென்று ஒரு தனி நோட்டு. கால்குலேட்டர் கிடையாது என்பதால் தினமும் கொஞ்சம் வெறும் பெருக்கல், வகுத்தல்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பத்தியம் உண்டு. தினமும் "எத்தனை மார்க்?" என்று கேட்கக்கூடாது, வளையல் பேச்சை எடுக்கக்கூடாது. கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் மாநில இடங்கள் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துத்தான் என்று அப்பாவே மகளிடம் சொல்ல வேண்டும், மிரட்டலாக இல்லாமல், இன்னொரு வாசல் திறந்திருக்கிறது என்கிற தொனியில். இதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம். நாலு நாள் ஆயிற்றாம் சொல்ல.

ஆறு வாரம் கழித்து வந்தார்கள். ஹீமோகுளோபின் 10.8. மனநல மருத்துவரிடம் தவறாமல் போகிறாள். பிசிக்ஸ் மாதிரித் தேர்வில் 27 கேள்விக்கு மட்டும் விடை குறித்திருக்கிறாள். 22 சரி, 5 தப்பு, மார்க் 83. பிரமாதம் என்று சொல்லமாட்டேன், பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது.

"இவ பத்து மணிக்கே படுத்துத் தூங்கிருதா சார். எனக்குத்தான் தூக்கமே வரமாட்டேங்கு. தலை கிறுகிறுன்னு வருது" என்றார் அம்மா.

கருவியை எடுத்துக் கையில் பட்டையைச் சுற்றினேன். அந்த அம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கையைத் தூக்கி மேஜையில வைம்மா, நெஞ்சு மட்டத்துக்கு. கீழ போட்டா கூடக் காட்டும்" என்றாள் மகள்.

சரியாக வைத்துப் பார்த்தும் 150-க்கு 96. அம்மா பேருக்கு ஒரு சீட்டு எழுத ஆரம்பித்தேன்.