இரண்டு நிமிடம், சில நூறு படங்கள்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்குச் சற்று முன்பு அர்த்தநாரீஸ்வரர் ஆடியபடி வெளியே வருகிறார். ஆண்டில் அந்த ஒரு நாள், அந்த ஓரிரு நிமிடம்தான் தரிசனம். உடனே 2,668 அடி மலையுச்சியில் மகாதீபம். அப்போது கேமராவின் பர்ஸ்ட் மோடை நம்புவது சரியே. நொடிக்கு 10 படம் என்றால், விட்டு விட்டு அழுத்தினாலே சில நூறு சேர்ந்துவிடும். கழிக்கும் வேலை அதன்பிறகுதான் தொடங்குகிறது.

“மெமரி கார்டு மலிவுதானே, கிடக்கட்டுமே” என்பார்கள். இடம் மலிவு, தேடும் நேரம் மலிவல்ல. அடுத்தடுத்த பத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: ஒன்றில் யாரோ உயர்த்திய செல்போன் சுவாமியை மறைக்கும், இன்னொன்று ஆட்டத்தில் கலங்கியிருக்கும், ஒன்றில் மட்டும் முகமும் மாலையும் துல்லியமாக நிற்கும். அந்த ஒன்று போதும். நல்ல படமும் அழிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால் கேமராவின் சின்னத் திரையில் எதையும் அழிக்க வேண்டாம். கணினிக்கு மாற்றி, முதல் சுற்றில் கலங்கியவற்றை மட்டும் நீக்கி, மறுநாள் நிதானமாக மீதியிலிருந்து தேர்ந்தெடுங்கள். மகாதீபமோ 11 நாள் எரிகிறது. அதற்கு பர்ஸ்ட் எதற்கு, ஒரு முக்காலி போதுமே!