பிள்ளைக்கு எந்த ஸ்டடி பைபிள்?

மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் லயங்களிலும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும் தமிழில் ஜெபிக்கும் குடும்பங்கள் பல உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கிறார்கள். அவர்களுக்கு பைபிள் வாங்கும்போது அட்டையின் அழகைவிட உள்ளே இருக்கும் உதவிகளே முக்கியம்.

ஸ்டடி பைபிளில் வசனத்தோடு நூல் முன்னுரை, அடிக்குறிப்பு, ஒத்துவாக்கியம், வரைபடம் ஆகியவையும் இருக்கும். 1560-இல் வெளிவந்த ஜெனீவா பைபிள் இந்த வகைக்கு முன்னோடி. ஓரக்குறிப்பு, வரைபடம், வசன எண் எல்லாம் அதிலேயே இருந்தன.

குறிப்பு எப்படி உதவும்? லூக்கா 10-ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியன் கதையில் ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போகிறான்; வழியில் கள்ளர் கையில் அகப்படும் அவனுக்கு ஒரு சமாரியன் உதவுகிறான். ‘ஏன் இறங்க வேண்டும்?’ என்று பிள்ளை கேட்கும். எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர்; எரிகோ கடல்மட்டத்துக்கும் சுமார் 250 மீட்டர் கீழே. போடிமெட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் போடிநாயக்கனூருக்கு இறங்கிய பிள்ளைக்கு அந்தப் பாதையும், கள்ளர் பதுங்க அங்கே இருந்த வசதியும் உடனே விளங்கும். யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகையையும் குறிப்பு சொன்னால்தான் கதையின் கூர்மை பிடிபடும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் பெரும்பாலும், பவர் என்பவரின் 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பை ஒட்டிய பழைய பைபிளும், கத்தோலிக்க ஆலயங்களில் 1995-இல் வெளிவந்த திருவிவிலியமும் வாசிக்கப்படுகின்றன. முன்னதில் 66 நூல்கள். கத்தோலிக்கப் பதிப்பில் 73. ஆலயத்தில் கேட்கும் வாசகம் கையிலும் இருந்தால் பிள்ளைக்குத் தடுமாற்றம் இராது. பழைய நடை கடினமானால், எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்றைத் துணைக்கு வைக்கலாம்.

ஏழு வயதுவரை படக்கதை பைபிள் போதும். எட்டிலிருந்து பெரிய எழுத்தும் சிறு குறிப்புகளும், பன்னிரண்டுக்கு மேல் ஒத்துவாக்கியமும் வரைபடமும் பயன்படும். குறிப்பு மனிதர் எழுதிய உதவி, அது வசனம் அல்ல என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

வாங்கும் முன் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். லூக்கா 10-ஐ வாசிக்கச் சொல்லி, அது கேட்கும் கேள்விக்கு அந்தப் பக்கத்தின் குறிப்பிலேயே பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே வாங்குங்கள்.