ஓடாத காருக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?

பல வீடுகளில் போர்டிகோவில் கவர் போட்டு மூடிய கார் ஒன்று நிற்கும். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். அப்பாவும் அம்மாவும் கல்யாணம், கோயில், மாதாந்திர ஆஸ்பத்திரி செக்கப் என்று எப்போதாவது அதை வெளியே எடுப்பார்கள். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் 2,000 கிலோமீட்டர் தாண்டாது.

"பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவைதானே ஆயில் மாத்தணும்? நம்ம வண்டிக்கு இன்னும் நாலு வருஷம் தாங்கும்" என்று இவர்களில் பலர் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கில் ஒரு பாதி விட்டுப்போகிறது. காருடன் தந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு "10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்ற மாதிரிதான் இருக்கும். குறைவாக ஓடும் காருக்கு முதலில் வருவது கிலோமீட்டர் அல்ல, மாதம்.

சும்மா நிற்கும் ஆயில் எப்படிக் கெடும்?

கடையில் சீல் உடைக்காத கேனில் இருக்கும் ஆயில் வேறு, இன்ஜினுக்குள் ஒருமுறை ஓடிய ஆயில் வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே ஆயிலில் கலக்கும். முழுதாக எரியாத பெட்ரோலும் அதோடு சேர்ந்து இறங்கும்.

நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இது பெரிய பிரச்சினை இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடாகும்போது தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்கு 2 கி.மீ. போய்த் திரும்பினால் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். எரிபொருள் எரிந்த கழிவுகளோடு அது சேர்ந்து அமிலத்தன்மை உண்டாகும். அந்த அமிலத்தை முறிக்கும் ரசாயனங்கள் ஆயிலில் உண்டு. அவையும் நாளாக ஆகத் தீர்ந்துபோகும். பிறகு பேரிங் போன்ற உலோகப் பாகங்கள் அரிக்கத் தொடங்கும். ஆயில் கூழ் மாதிரி கெட்டிப்பட்டு அதன் பாதையை அடைக்கவும் கூடும்.

பேட்டரி இறங்கினால் காலையில் சாவி போட்டதும் தெரிந்துவிடும். ஆயில் கெடுவது அப்படி வெளியே தெரியாது. தெரியவரும்போது சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் அளவுக்கு வந்து நிற்கும். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கு அது சின்னச் செலவு அல்ல.

உங்கள் காருக்கு எந்தக் கணக்கு?

1. குறைவாக ஓட்டினாலும், எடுக்கும்போதெல்லாம் அரைமணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுபவர்கள்: வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஓடோமீட்டர் 1,500 காட்டினாலும் மாற்ற வேண்டும்.

2. எப்போதும் 2, 3 கி.மீ. தூரமே ஓட்டுபவர்கள்: கையேட்டில் "கடினமான பயன்பாடு" என்று ஒரு பகுதி இருக்கும். குறுகிய தூரப் பயணம், தூசி நிறைந்த சாலை, நெரிசலில் நின்று நின்று போவது எல்லாம் அதில் வரும். இப்படி ஓடும் வண்டிக்குப் பல கையேடுகள் கால அளவைக் குறைத்துத்தான் சொல்கின்றன. உங்கள் கையேட்டில் 6 மாதம் என்று இருந்தால் அதுவே உங்கள் கணக்கு.

3. பல மாதங்கள் வண்டியை நிறுத்திவிட்டு வெளிநாடு போகிறவர்கள்: திரும்பி வந்து மாற்றலாம் என்று விடாமல், கிளம்பும் முன்பே புது ஆயில் போட்டு நிறுத்துங்கள். பழைய ஆயிலில் உள்ள அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் உள்ளே நிற்பதுதான் கெடுதல்.

4. பிஎஸ்-6 டீசல் கார் வைத்திருப்பவர்கள்: இவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். குறுகிய தூரத்தில் அந்த வேலை பாதியில் நின்றால் டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயரக்கூடும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் உடனே சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

"ஆயில் இன்னும் கருக்கவே இல்லையே?"
நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. அழுக்கைத் தன்னில் தாங்கிக்கொள்வதும் ஆயிலின் வேலை என்பதால், நல்ல ஆயிலும் கருக்கும். டீசல் காரில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கருத்துவிடும். கெட்டுப்போன ஆயில் தெளிவாகத் தெரியவும் கூடும்.

"வாரம் ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விட்டா போதாதா?"
போதாது. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினில் ஆயில் சரியாகச் சூடாகாது. ஈரம் போவதற்குப் பதில் கூடத்தான் செய்யும். வாரம் ஒருமுறை 20 முதல் 30 நிமிடம் சாலையில் ஓட்டுங்கள். பேட்டரி, டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் அது நல்லது. கதவு மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். நச்சுப்புகை உயிருக்கே ஆபத்து.

"சிந்தெடிக் ஆயில் போட்டா ரெண்டு வருஷம் வருமா?"
சிந்தெடிக் ஆயில் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெட்டிப்படாது. ஆனால் உள்ளே சேரும் தண்ணீரையும் பெட்ரோலையும் அதுவும் தடுக்காது. கையேடு சொல்லும் காலத்தை நீட்ட வேண்டாம். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று கையேட்டில் எந்த ரகம் போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள்.

"மூடியைத் திறந்தா உள்ளே வெள்ளையா பாலாடை மாதிரி இருக்கே?"
அது ஈரம் சேர்ந்ததன் அடையாளம். குறைந்த தூரம் ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் கொஞ்சம் இருக்கலாம். டிப் ஸ்டிக்கிலும் அப்படியே தெரிந்தாலோ, கூலன்ட் குறைந்துகொண்டே போனாலோ வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

"மழைத் தண்ணியில வண்டி நின்னுபோச்சு, என்ன செய்யலாம்?"
இன்ஜின் வரை தண்ணீர் ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் உள்ளே உடைய வாய்ப்புண்டு. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால், போன வாரம் மாற்றியதாக இருந்தாலும் மறுபடி மாற்றத்தான் வேண்டும்.

கைபேசியில் செய்ய வேண்டியவை

ஆயில் மாற்றிய அன்றே ஓடோமீட்டரையும் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். பில்லில் தேதி, ஆயில் ரகம், எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றியது எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுவதுதான் முறை. புதிய கார் என்றால் இந்தப் பில்தான் பிறகு வாரன்டி கேட்கும்போது உங்கள் சாட்சி. காலண்டரில் அடுத்த தேதிக்கு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோருக்காக இதைத் தங்கள் போனிலேயே போட்டு வைக்கலாம்.

அதே நேரத்தில் ஆவணங்களையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். ஓடாத வண்டிக்குத்தான் இவை மறந்துபோகும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. பிஎஸ்-4, பிஎஸ்-6 கார்களுக்குப் புகைச் சான்று ஓராண்டு செல்லும். சொந்தக் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டு; பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்தத் தேதிகளை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண் கொடுத்துப் பார்க்கலாம். அதிலும் டிஜிலாக்கரிலும் உள்ள ஆவணங்களைச் சோதனையின்போது காட்டலாம்.

செய்யாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டார்கள் என்றால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

பழைய ஆயில் எங்கே போகிறது?

ஒரு சிறிய காரிலிருந்து ஏறத்தாழ 3 லிட்டர் பழைய ஆயில் இறங்கும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. கேனில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். ஒர்க் ஷாப்பில் மாற்றினாலும், "பழைய ஆயிலை என்னண்ணே பண்ணுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்று கார் கவரைத் தூக்கும்போது கடைசி சர்வீஸ் பில்லைத் தேடி எடுங்கள். அதில் உள்ள தேதி ஒரு வருஷம் தாண்டியிருந்தால், ஓடோமீட்டரைப் பார்க்கவே வேண்டாம், ஆயில் மாற்றிவிடுங்கள்.