வாங்கப் போகும் வீட்டுக்கு மேலே யார் வீடு?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீடு வாங்கப் போகிறவர், அக்கம்பக்கத்துக் கட்டடங்களையும் ஏறி இறங்கிப் பார்த்த பிறகே முற்பணம் கொடுப்பார். அங்கே கூரையும் படிக்கட்டும் எல்லோருக்கும் பொது. அதற்கென்று 1973இல் தனிச் சட்டமே வந்தது. பராமரிப்புக்கு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் உண்டு. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் பத்து பேர்ச் காணியோ தனி வீடோ வாங்கும்போது நாம் உறுதியையும் விலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அக்கம்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கேதான் அதிகம் தேவை. மலையில் அந்தச் சரிவு முழுவதுமே பொதுச் சொத்து மாதிரித்தான். மேல் காணிக்காரரின் கான் நம் சுவருக்குப் பின்னால் வந்து முடியலாம். நாம் வெட்டும் மண் அவருடைய அத்திவாரத்தைத் தாங்கும் மண்ணாக இருக்கலாம். அந்தச் சரிவைப் பராமரிக்க மட்டும் எந்தச் சங்கமும் இல்லை.

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயன்களை மூடியது. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்ட இடம் அது. அந்த மக்களுக்கு இருப்பிடத்தைத் தெரிவு செய்யும் வாய்ப்பே இருக்கவில்லை. தோட்டம் கொடுத்த லயன்களில் இருந்தார்கள். தெரிவு கையில் இருக்கும் நாம் பார்க்காமல் வாங்கினால் அது பெரும் தவறு. அதே ஆண்டு டிசம்பரில் உமா ஓயா நீர்த்திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தபின், பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. அப்படிப்பட்ட ஊரில், விற்பனைக்கு வரும் வீட்டின் வெடிப்பைச் சாந்து பூசி மறைக்கலாம்; பக்கத்து வீட்டு வெடிப்பை யாரும் மறைக்கப் போவதில்லை. அங்கே தரையும் மதிலும் எப்படி இருக்கின்றன, மேலே மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, மழை விட்டபின் எந்த வளவில் புதிதாக ஊற்று கசிகிறது, தாங்கு சுவரில் நீர் வடியத் துவாரம் உண்டா என்று பாருங்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அறிக்கை கட்டாயம் வேண்டும். அது இல்லாத காணியை வாங்கவே கூடாது. ஆனால் அந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களில் விரிவானவை ஒன்றுக்குப் பத்தாயிரம் என்ற அளவில் வரையப்பட்டவை. அதில் ஒரு சென்றிமீற்றர் என்பது தரையில் நூறு மீற்றர். பத்து பேர்ச் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ பதினாறு மீற்றர்தான். வரைபடத்தில் இரண்டு மில்லிமீற்றர்கூட வராது. வரைபடத்தில் ஒரே அபாய நிறத்துக்குள் அடங்கும் இரண்டு காணிகளில் ஒன்றின் மேலே தேயிலையும் மற்றதன் மேலே புதிதாக வெட்டிய பாதையும் இருந்தால், இரண்டும் ஒன்றல்ல. ஐம்பது வருடம் அசையாமல் நின்ற வீடு என்ற சமாதானமும் செல்லாது. அந்த ஐம்பது வருடத்தில் மேலே யாரும் மண்ணை வெட்டவில்லை என்பது காரணமாக இருக்கலாம். போன வருடம் வெட்டியிருந்தால் கணக்கே வேறு.

மொனராகலைப் பக்கம் சமவெளிக்கு இறங்கினால், மண்ணைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். அங்கே காணி பார்க்க மாரிமழைக் காலத்தில் போகாதீர்கள். ஓகஸ்ட், செப்டெம்பர் வரட்சியில் போய், அயலில் நாலு கிணறுகளை எட்டிப் பாருங்கள். முற்பணம் அதன் பிறகு கொடுத்தால் போதும்.