ஜைரோபிளேன்களில் பயணச் சுழல்வேகம்

பயணச் சுழல்வேகம் என்பது ஒரு வானூர்தி மட்டமாகவும் சீராகவும் நீண்ட நேரம் பறக்கும்போது அதன் பொறி சுழலும் வேகம் ஆகும். இது நிமிடத்திற்கு இத்தனை சுற்றுகள் என அளக்கப்படுகிறது. இலகுரக ஜைரோபிளேன்களில் பரவலாகப் பயன்படும் ரோட்டாக்ஸ் 912, 914 வகைப் பொறிகளுக்கு இவ்வேகம் பொதுவாக 5000 சுற்றுகளை ஒட்டி அமைகிறது. மகிழுந்து ஓட்டிப் பழகியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் வேகத்தைக் குறைத்தால் பொறி நீடித்து உழைக்கும் என்பது எப்போதும் உண்மையன்று. குறைந்த வேகத்தில் ஏற்றப்படும் பெருஞ்சுமையும் பொறியைக் கெடுக்கும்.

பின்னணி

ஜைரோபிளேன் என்பது சிறகுகளுக்குப் பதிலாக மேலே ஒரு சுழலியைக் கொண்ட வானூர்தி. எசுப்பானியப் பொறியாளர் குவான் டெ லா சியெர்வா இவ்வகை வானூர்தியை 1923 ஆம் ஆண்டில் வெற்றிகரமாகப் பறக்கச் செய்தார். உலங்கு வானூர்தியில் பொறியே சுழலியைச் சுழற்றுகிறது. ஜைரோபிளேன் பறக்கும்போது சுழலிக்கும் பொறிக்கும் தொடர்பில்லை. கீழிருந்து மேலாகப் பாயும் காற்றே சுழலியைச் சுழற்றுகிறது. பொறி, முன்னே தள்ளும் உந்துவிசிறியை மட்டும் இயக்குகிறது. எனவே பொறியின் வேகத்தைக் குறைத்தாலும் சுழலி நின்றுவிடாது. வானூர்தி கீழிறங்கத் தொடங்கும்.

சுழலி ஏற்படுத்தும் காற்றிழுவை அதிகம். ஆகவே ஒத்த எடையுள்ள சிறகு வானூர்தியைவிட, மட்டமாகப் பறக்கவே ஜைரோபிளேனுக்குக் கூடுதல் திறன் தேவைப்படுகிறது. பொறியின் திறனில் பெரும்பகுதி மணிக்கணக்கில் செலவாவதால், பயணச் சுழல்வேகத்தைத் தெரிவு செய்வது முக்கியமாகிறது.

பொறியின் வரம்புகள்

1352 கன செ.மீ. கொள்ளளவுடைய ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் பொறிக்குத் தயாரிப்பாளர் தரும் மதிப்புகள் பின்வருமாறு:

* புறப்பாடு: 5800 சுற்றுகள், 73.5 கிலோவாட் (5 நிமிடங்களுக்கு மட்டும்)
* தொடர் உச்சம்: 5500 சுற்றுகள், 69 கிலோவாட்
* தொடர் உச்சத்தில் 75 விழுக்காடு: 5000 சுற்றுகள்
* தொடர் உச்சத்தில் 65 விழுக்காடு: 4800 சுற்றுகள்
* தொடர் உச்சத்தில் 55 விழுக்காடு: 4300 சுற்றுகள்

இதழ்க் கோணம் மாறாத உந்துவிசிறி உறிஞ்சும் திறன், ஏறத்தாழ அதன் வேகத்தின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 5000ஐ 5500ஆல் வகுத்து முப்படி எடுத்தால் 0.75 கிடைக்கிறது. அதாவது வேகத்தை 9 விழுக்காடு குறைத்தால் திறன் கால் பங்கு குறைகிறது. எரிபொருள் செலவும் மணிக்கு 25 லிட்டரிலிருந்து சுமார் 18.5 லிட்டராகக் குறைகிறது.

5000 சுற்றுகள் மிகையா?

பொறியின் தேய்மானத்தை ஒப்பிடச் சுற்றுகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. பிஸ்டனின் சராசரி வேகத்தையும் பார்க்க வேண்டும். இது வீச்சு நீளத்தையும் சுழல்வேகத்தையும் பொறுத்தது. 912 யுஎல்எஸ் பொறியின் வீச்சு 61 மி.மீ. மட்டுமே. எனவே 5000 சுற்றுகளில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 10.2 மீட்டர். சிறு வானூர்திகளில் பயன்படும் லைக்கமிங் ஓ-320 பொறியின் வீச்சு 98.4 மி.மீ. அது 2700 சுற்றுகளில் சுழலும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். சுற்றுகள் ஏறக்குறைய இருமடங்காயினும் பிஸ்டன் வேகம் சுமார் 15 விழுக்காடே கூடுகிறது.

உந்துவிசிறி இவ்வளவு வேகமாகச் சுழல்வதில்லை. இடையிலுள்ள பற்சக்கரப் பெட்டி 2.43 மடங்கு வேகத்தைக் குறைக்கிறது. பொறி 5000 சுற்றுகளில் ஓடும்போது உந்துவிசிறி சுமார் 2060 சுற்றுகளில் சுழல்கிறது.

குறைந்த வேகத்தின் தீங்கு

திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. தேவைப்படும் திறன் மாறாதிருக்க வேகம் மட்டும் குறைந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பொறி கூடுதல் முறுக்குவிசை தர வேண்டும். அப்போது உருளைகளில் அழுத்தமும் வெப்பமும் உயர்கின்றன. நாக்கிங் எனப்படும் முறையற்ற வெடிப்பு ஏற்பட்டுப் பிஸ்டன் சேதமடையலாம். மேட்டில் ஏறும் மிதிவண்டியைப் பெரிய பற்சக்கரத்தில் மிதிப்பதுடன் இதனை ஒப்பிடலாம். கால்கள் மெதுவாகச் சுழன்றாலும் முழங்கால் வலிக்கும். 912 யுஎல்எஸ் பொறியை 5200 சுற்றுகளுக்குக் கீழே முழுத் திராட்டிலில் இயக்குவதைத் தவிர்க்குமாறு தயாரிப்பாளர் அறிவுறுத்துவதும் இதனாலேயே.

மற்றொரு தீங்கு எண்ணெய் குளிர்ந்தே இருப்பது. எரிதலின்போது உண்டாகும் நீராவி எண்ணெயில் கலக்கிறது. அந்நீர் ஆவியாகி வெளியேற, பறக்கும் நாளில் ஒருமுறையேனும் எண்ணெய் 100 பாகை செல்சியசை எட்ட வேண்டும். இயல்பான எண்ணெய் வெப்பநிலை 90 முதல் 110 பாகை வரையாகும்; 130 பாகையைக் கடக்கக் கூடாது.

இதழ்க் கோணத்தின் பங்கு

பல ஜைரோபிளேன்களில் உந்துவிசிறியின் இதழ்க் கோணத்தைத் தரையில் மட்டுமே மாற்ற முடியும். எனவே பயணச் சுழல்வேகத்தின் பெரும்பகுதி புறப்படும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கோணம் மிகுதியானால் பொறி திணறும். முழுத் திராட்டிலிலும் உரிய வேகத்தை எட்டாது. கோணம் குறைவானால் பொறி எளிதில் வரம்பைக் கடக்கும். இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும். முழுத் திராட்டிலில் மட்டமாகப் பறக்கும்போது 5500 சுற்றுகளைக் கடந்தும் 5800ஐத் தாண்டாமலும் இருக்குமாறு கோணத்தை அமைப்பது நல்ல தொடக்கமாகும்.

தெரிவு செய்யும் முறை

வானோட்டி முதலில் பாதுகாப்பான பறப்பு வேகத்தை நிலைநிறுத்துகிறார். பிறகு உயரம் குறையாதிருக்கப் போதுமான அளவுக்குத் திராட்டிலைக் குறைக்கிறார். இருவர் அமர்ந்தாலோ காற்று வெப்பமாக இருந்தாலோ தேவைப்படும் சுற்றுகள் கூடும். மட்டமாகப் பறக்கவே 5500 சுற்றுகள் தேவைப்பட்டால், மேலேறுவதற்குத் தொடர் திறன் மிச்சமில்லை என்று பொருள். அப்போது சுமை, இதழ்க் கோணம், பொறியின் நிலை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். சில வேகங்களில் உடற்பகுதி அதிர்ந்தால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

பொறியை மென்மையாக நடத்தும் எண்ணத்தில் திராட்டிலை மிகவும் குறைத்து மெதுவாகப் பறப்பது ஆபத்தானது. ஓர் எல்லைக்குக் கீழே, மெதுவாகப் பறக்க மேலும் அதிகத் திறன் தேவைப்படும். தாழ்வாகப் பறக்கும் வானூர்தி அந்நிலையில் உயரத்தை இழந்தால் மீட்க இடமிராது.

மேற்கண்ட எண்கள் ஒரு பொறி வகைக்கு உரியவை. இரு வீச்சுப் பொறிகளுக்கும் பிற பொறிகளுக்கும் வரம்புகள் வேறுபடும். அந்தந்த வானூர்தியின் கையேட்டில் உள்ள மதிப்புகளையே பின்பற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* உலங்கு வானூர்தி
* உள் எரி பொறி
* முறுக்குவிசை